பூட்டிக் கிடக்கும் ஊர்

கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறவர்கள் கோடைக்காலத்தில் போவார்கள். கடலில் குளிப்பார்கள், வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு அதையே பேசி மற்றவர்கள் உயிரை வாங்குவார்கள். லத்தீஃபாவுக்கு அந்தக் கடலும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். வெயிலுக்கு அவள் இருக்கும் மலேசியாவின் கிள்ளானில் பஞ்சமில்லை; தண்ணீரோ, நல்ல மழை பெய்தால் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். அவள் போக நினைத்தது ஜனவரி மாதத்தில். ஜனவரியில் ரோட்ஸ் தீவின் பழைய நகரத்தில் முக்கால்வாசிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். அந்தப் பூட்டிய கடைகளைப் பார்க்கத்தான் அவள் ஆசைப்பட்டாள்.

கிறுக்கு என்று சொல்ல வாயெடுப்பவர்கள் முதலில் அவளுடைய கடைக்கு வந்து நுரை பொங்க ஆற்றிய தேநீர், ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் பேசட்டும். கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூலைக் கடை. இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்துத் திறந்தது. அவள் கணவர் முத்து முகம்மதுவின் தகப்பனார் ஆரம்பித்த சாப்பாட்டுக் கடை. இரவும் பகலும் நடக்கிறது. பக்கத்துக் கடையையும் வாங்கி நடுச்சுவரை இடித்தபோது இரும்பு ஷட்டர்கள் குறுக்கே நின்றன. "மூடாத கடைக்கு இது எதுக்கு?" என்று கேட்டு, முத்து முகம்மது அவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கடைக்குக் கதவு கிடையாது. பெருநாளன்று விடுமுறை என்று அட்டை தொங்கும். ஆனால் மூட வழியில்லாததால் மேசைகளைக் குறுக்கே போட்டு இரண்டு வேலையாட்கள் காவலுக்குப் படுத்திருப்பார்கள். வழக்கமாக வருகிறவர்கள் மேசையை நகர்த்திவிட்டு உள்ளே வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தவருக்கு டீ கொடுக்காமல் இருக்க முடியுமா? அடுப்பைப் பற்றவைப்பார்கள். பெருநாள் அதோடு முடிந்தது.

லத்தீஃபாவின் வாப்பா துணி வியாபாரி. மோட்டார் சைக்கிளின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலுள்ள கேரித் தீவு தோட்டங்களுக்கெல்லாம் போய் விற்றுவிட்டு வருவார். அவர் மகள் அந்தத் தீவைத் தாண்டி எங்கும் போனதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "இன்னைக்கு ஒரு நாள் கல்லாவுல உக்காரும்மா" என்றார்கள். உட்கார்ந்தாள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. மாமியார் மவுத்தாகிவிட்டார், லத்தீஃபாவுக்குத் தலை நரைத்துவிட்டது, மகள் ஃபஹீமா வேலைக்குப் போய்ச் சொந்தக் காரும் வாங்கிவிட்டாள். சொந்தத் தங்கையின் நிக்காஹுக்குக்கூட லத்தீஃபா மதியக் கூட்டம் கலைந்த பிறகு போய், சாயங்காலக் கூட்டம் சேர்வதற்குள் திரும்பி வந்தாள். யாரும் அவளை வா என்று அதட்டவில்லை. அதட்டியிருந்தால் ஒருவேளை எதிர்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருப்பாள்.

அந்த வீடியோவை அவள் கல்லாவில் இருந்தபடியேதான் பார்த்தாள். பல்குத்தும் குச்சி டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தாள். யாரோ ஒருவர் மழையில் குடை பிடித்தபடி ரோட்ஸின் பழைய நகரத்துக்குள் நடந்துபோகிறார். கல் பாவிய தெரு. இரண்டு பக்கமும் வரிசையாக மூடிய கதவுகள். நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு வாசற்படியில் ஒரு பெண்மணி பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் அவளுடைய கடை, பூட்டியிருக்கிறது. பிழைப்பு எப்படி என்று நடப்பவர் கேட்கிறார். அவள் சிரித்துக்கொண்டே சொல்கிற பதில் கீழே எழுத்தில் ஓடியது: கோடையெல்லாம் உழைத்தோம், இப்போது தூங்குகிறோம், ஏப்ரலில் வா.

லத்தீஃபா அதை மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். பணத்தை நீட்டிக்கொண்டு நின்ற ஆள், "ஆன்டி, சில்லறை லா" என்று மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது. ஒரு ஊர் முழுக்க எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டதுபோல் கடையைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போவார்கள், யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள், போனவர்கள் வசந்தத்தில் திரும்பி வருவார்கள் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. அப்படி ஒரு ஊர் உண்மையிலேயே இருந்தால், அதன் நடுவில் போய் ஒரு முறை நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. கடைக் கதவு ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஃபஹீமாவுக்குக் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண ஏஜென்சியில் வேலை. லத்தீஃபா ஒரு மதியம் யாசினைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுக் கொமுட்டர் ரயிலில் ஏறினாள். யாசின் அவள் நாத்தனார் மகன். ராத்திரிக் கடையைப் பார்த்துக்கொள்கிறவன், பகலில் உட்காரச் சொன்னால் கொட்டாவி விடுவான். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கூட்டத்தில் இடிபட்டு, மகளின் மேசைக்கு முன்னால் வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஜனவரி ஆஃப் சீசன். ஒண்ணுமே இருக்காது. எல்லாம் மூடிருப்பான். மே மாசம் போங்க, நான் நல்ல பேக்கேஜ் போட்டுத் தரேன்."

"மூடிருக்குன்னுதான் போறேன்."

"மூடிருக்கற ஊருக்குப் போய் என்னம்மா பண்ணுவீங்க?"

"நடப்பேன். உக்காருவேன். அந்தப் பொம்பள மாதிரி பூனைக்குச் சோறு வைப்பேன்."

அந்தக் கடையில் கல்லாவுக்குக் கீழே தொட்டில் கட்டி வளர்க்கப்பட்ட பெண் ஃபஹீமா. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி வேலையைத் தொடங்கினாள். ஏதென்ஸ் வரை ஒரு விமானம், அங்கிருந்து தீவுக்குச் சின்ன விமானம். கோட்டைச் சுவருக்கு உள்ளேயே, சமையலறையோடு ஒரு அறை. ஆள் வராத காலம் என்பதால் பாதி விலை. பழைய துருக்கிப் பள்ளிவாசல் ஒன்று தொழுகைக்குத் திறந்திருக்கும். சாப்பாட்டுக்கு அரிசியும் சம்பலும் கொண்டுபோகலாம். குளிருக்குத் தடித்த கோட்டு வேண்டும், மழைக்குக் காலில் வழுக்காத சப்பாத்து வேண்டும். "காலையில எங்க போறீங்கம்மா? கோட்டை பாக்கறீங்களா, மியூசியமா?" என்று கேட்டாள். "காலையில ஒண்ணும் போடாத, சும்மா விடு" என்றாள் லத்தீஃபா. எல்லாக் காலைகளையும் ஃபஹீமா சும்மா விட்டாள்.

அதற்குப் பிறகு ஏதாவது ஒரு சாக்கில் லத்தீஃபா பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்வரத் தொடங்கினாள். திட்டம் போடுவதே பாதிப் பயணமாக இருந்தது. கடையிலும் ஒரு துணை கிடைத்தது. சிவசம்பு என்று யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் காலையில் சர்க்கரை இல்லாத தேநீருக்கு வருவார். எதைக் கேட்டாலும் வரலாறு சொல்வார். "ரோட்ஸா? அது சிலுவைப்போர்க்காரன் கட்டின கோட்டை, தங்கச்சி. பிறகு துருக்கிக்காரன் பிடிச்சான். பிறகு இத்தாலிக்காரன். கடைசியாத்தான் கிரேக்கன் கையில வந்தது" என்றார். இத்தனை பேர் வந்து பிடித்த ஊரிலும் குளிர்காலத்தில் பூட்ட முடிகிறதே, கிள்ளானில் நம்மால் முடியவில்லையே என்று லத்தீஃபாவுக்குத் தோன்றியது.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயந்துகொண்டிருந்தாள். முத்து முகம்மது கெட்டவர் அல்ல. அவள் கேட்டதை அவர் மறுத்ததே இல்லை. கேட்கிற நேரத்தில் ஆள் அகப்படமாட்டார், அவ்வளவுதான். ஒரு நாள் அவர் தலைகாட்டியபோது பட்டென்று சொல்லிவிட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி, போவோம். ரெண்டு பேரும் போவோம். யாசின் பாத்துக்குவான்" என்றார். லத்தீஃபா சமையற்கட்டுப் பக்கம் போய், வெங்காயம் அரிகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று அழுதுவிட்டு வந்தாள். அங்கே அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இரண்டு டிக்கெட்டும் அன்றைக்கே போடப்பட்டன.

சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தாள். அந்த வீடியோவை அவருக்குப் போட்டுக் காட்டினாள்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மழையைப் பார்க்கவில்லை, பூனையைப் பார்க்கவில்லை. அவர் விரல் திரையில் ஒவ்வொரு கதவாகத் தொட்டுக்கொண்டே போனது. "இவ்வளவு கடையும் சும்மாவா கெடக்குது?" என்றார். "நாலு மாசத்துக்கா? அப்ப அந்த ஊருல இருக்கறவன் எங்க போய் டீ குடிப்பான்?" ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். "இந்த மூலைக் கடை. ரெண்டு பக்கமும் தெருவைப் பாத்து இருக்கு பாரு."

எந்தக் கடையைச் சொல்கிறார் என்று லத்தீஃபாவுக்குப் பார்க்காமலே தெரியும். முதல் தரம் வீடியோ பார்த்தபோதே அவள் கண் அந்த மூலையில்தான் நின்றது. வளைவுக்கு அடியில் எத்தனை மேசை போடலாம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அந்த நினைப்பை அப்போதே தலையில் தட்டி உட்கார வைத்திருந்தாள். அதனால்தான் அவர் சொன்னபோது உடனே கோபப்படவும் முடியவில்லை.

முத்து முகம்மதுவின் வம்சத்தில் யாரும் சும்மா ஊர் பார்க்கப் போனதில்லை. இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய நாள் முதல், போன இடத்தில் எல்லாம் ஒரு கடை திறந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அவர் தகப்பனார் கிள்ளானில் இறங்கிய அன்று விடியற்காலையில் டீக்கு அலைந்தாராம், ஒரு கடையும் திறந்திருக்கவில்லையாம். அதனால் இந்தக் கடையைப் போட்டாராம். இந்தக் கதையைச் சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடக்காது. இப்போது அதே கதை கிரேக்கத்துக்குக் கிளம்பிவிட்டது. ஏதென்ஸில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு ஊர்க்காரரை எப்படியோ தேடிப் பிடித்தார். அவர் மூலமாகத் தீவில் கடைகளை வாடகைக்கு விடும் ஒரு கட்டடக்காரர். அவர் மூலமாக ஒரு இறைச்சிக்காரர். ஃபஹீமா சும்மா விட்டிருந்த காலைகள் ஒவ்வொன்றாக நிரம்பின. ஒரு காலையில் வாடகை பேச வேண்டும், ஒரு காலையில் மொத்தச் சந்தை, ஒரு காலையில் தண்ணீர் வசதி பார்க்க வேண்டும். மாதத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. பூட்டியிருக்கும்போதுதானே கடைச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசக் கிடைப்பார்கள்!

"என்னங்க, நான் அந்தப் பூட்டின கடைங்களைப் பாக்கத்தான் போகணும்னு சொன்னேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"பாக்கத்தானே போறோம். அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் அவர். கேலி செய்யவில்லை. மெய்யாகவே அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் அவளை அதிகமாக நோகடித்தது.

மறுநாள் காலை சிவசம்பு, "என்ன முத்து, கிரேக்கத்துப் பயணம் எந்த அளவுல நிக்குது?" என்று விசாரித்தார். முத்து முகம்மது நாலு மேசைக்குக் கேட்கும்படி பதில் சொன்னார். "அங்கிள், சரியா அமைஞ்சா அடுத்த குளிர்காலத்துக்கு அங்க நம்ம கடை. ரொட்டி சானாய்க்கு ரெண்டு ஆளு போதும். கல்லாவுக்கு ஆள் தேட வேண்டியதே இல்ல, லத்தீஃபா இருக்கா. அவளுக்கும் அந்த ஊரு ரொம்பப் புடிச்சுப்போச்சு லா!"

எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். லத்தீஃபா அப்போது யாருக்கோ மீதி கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடித்தாள். இத்தனை வருஷத்துக் கோபமும் ஒரே சமயத்தில் வந்தது. உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு ஊர் பூட்டிக் கிடந்தது. அங்கேயும் ஒரு கல்லாவைக் கொண்டுபோய்ப் போட்டு அவளை உட்கார வைத்துவிட்டார்கள்.

அன்று பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அப்ப நீங்க தனியாப் போங்கம்மா. அத்தா டிக்கெட்டை விடுங்க. நான் தீவு வரைக்கும் எல்லாம் ஏற்பாடு பண்ணித் தரேன்."

"தனியாவா?"

"ஏன், கொமுட்டர்ல இங்க வரைக்கும் தனியாத்தானே வந்தீங்க?"

லத்தீஃபா சிரிக்கப் பார்த்தாள். தனியாகப் போனால் நிமிஷத்துக்கு ஒரு தரம் கைப்பேசி அடிக்கும்: அந்தக் கதவைக் காட்டு, இந்தப் படியைக் காட்டு, வாடகை கேட்டியா? அதை ஒரு சாக்காகச் சொன்னாள். உள்ளே இருந்தது பயம். இத்தனை நாள் ஒரு இடத்தில் உட்கார்ந்த உடம்பு, அந்த இடத்தை விட்டால் தரையில் நிற்குமா என்ற பயம். மகளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதனால் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தாள். வீட்டில் கணவருக்குச் சோறு போடும்போது, "நான் வரலை" என்றாள். ஏன் என்று கேட்பார், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், வாடகைப் பேச்சை விட்டுவிட்டு நீயும் நானும் மட்டும் போவோம் என்று சொல்லவைக்கலாம். இதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் குழம்பை ஊற்றிக்கொண்டே தலையாட்டினார்.

"நானும் நினைச்சேன். உனக்குக் குளிரு ஒத்துக்காது. டிக்கெட்டு வேற பேரு மாத்த முடியாதாம், நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன். நீ இருந்தா கடைக்கும் நல்லது. யாசினைப் பகல்ல நம்ப முடியாது."

ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

விமான நிலையத்துக்கு அவரை ஃபஹீமா கொண்டுபோய் விட்டாள். லத்தீஃபாவுக்கென்று வாங்கிய கோட்டு கொஞ்சம் பெரிசு, அதையும் அவரே மாட்டிக்கொண்டு போனார். லத்தீஃபா கல்லாவில் இருந்தாள். மதியக் கூட்டம்.

முதலில் வீடியோக்கள் வந்தன. மூடிய கதவுகள், அடுக்கிய நாற்காலிகள், நனைந்த கல்தெரு. பின்னணியில் அவர் குரல்: "இது பதினாறு அடி இருக்கும். இதுக்குப் பின்வாசல் இல்ல." குரலை அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று முயன்றாள். கை ஆடிக்கொண்டே எடுத்திருந்தார், எதுவும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பிறகு இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை. ஃபஹீமா பதறிப்போய் ஃபோன் அடித்துப் பார்த்தாள், அவர் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், கடை நிரம்பி வழிந்துகொண்டிருந்த நேரத்தில், அவரே கூப்பிட்டார். திரையில் முகம் தெரிந்தது. ஏதோ ஒரு கடையின் படியில், பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அங்கே இன்னும் வெளிச்சமாக இருந்தது. மழை விட்டிருந்தது. அவர் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்து லத்தீஃபா பார்த்ததே இல்லை.

"என்னங்க, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"இல்ல, இல்ல. தூங்கிட்டேன், லத்தீஃபா. முந்தாநாள் மத்தியானம் சும்மா படுத்தேன், எந்திரிக்கறப்ப இருட்டிருச்சு. நேத்தும் அப்படித்தான். கடைசியா எப்ப அப்படித் தூங்கினேன்னு யோசிக்கறேன், ஞாபகமே வரலை."

"கட்டடக்காரரைப் பாத்தீங்களா?"

"அவரு பேத்தி வீட்டுக்குப் போயிட்டாராம். வந்தா பாக்கலாம்." அவர் அவசரமே இல்லாமல் சொன்னார். "இங்க ஒரு சத்தம் இல்ல. யாரும் நம்மள ஒண்ணும் கேக்கறதில்ல. இப்படி உக்காந்தா ஒரு பூனை வந்து மடியில ஏறிக்குது. இங்க பாரு." கைப்பேசியைத் தாழ்த்திக் காட்டினார். சாம்பல் நிறப் பூனை, லத்தீஃபாவின் கோட்டின்மேல் சுருண்டு கிடந்தது. "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வரவா?"

லத்தீஃபாவுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. சொந்தப் புருஷன்மேல் இப்படி ஒரு பொறாமை வரும் என்று அவளுக்கே தெரியாது. அவர் முகத்தில் சுருக்கங்கள் தளர்ந்திருந்தன. அது அவளுக்கு வர வேண்டிய முகம். இந்த முறை வாயை மூடிக்கொள்ளவில்லை, மறைத்துப் பேசவும் இல்லை.

"வேணாம். நீங்க கெளம்பி வாங்க. வந்து கல்லாவுல உக்காருங்க. அந்த ஊரு தெறக்கறதுக்குள்ள நான் போகணும். தனியாவே போறேன்."

திரையில் அவர் சிரித்தார். பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே, நல்ல மனசோடுதான் சிரித்தார்.

"நீ வந்து என்ன பண்ணப் போற? இங்கதான் எல்லாம் பூட்டிக் கெடக்குதே."

கல்லாவுக்கு முன்னால் நாலைந்து பேர் பணத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். லத்தீஃபா கையை நீட்டி முதல் நோட்டை வாங்கினாள்.